பவளம் மூடிக்கொண்டால்: வீட்டுத் தொட்டியில் எதை முதலில் பார்ப்பது

போன கத்திரி வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, இரண்டு தெரு தள்ளி, வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கும் தம்பி ஒருவன் போன் பண்ணினான். “காக்கா (அண்ணா), பவளம் எல்லாம் மூடிக்கிச்சு. மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் விரிஞ்சிருந்துச்சு.” போய்ப் பார்த்தேன். லெதர் பவளம் முஷ்டி மடக்கினதுபோல் இறுகிக் கிடந்தது. உள்ளங்கை அகலம் இருந்த மஷ்ரூம் பவளங்கள் காசு அளவுக்குச் சுருங்கியிருந்தன. நத்தைகள் கண்ணாடியை விட்டு மணலில் விழுந்து கிடந்தன. மீன்கள் மட்டும் எப்போதும்போல் நீந்திக்கொண்டிருந்தன. அதற்குள் அவன் மூன்று பாட்டில் மருந்தை ஊற்றி முடித்திருந்தான்.

மீன் நன்றாக இருந்து, நத்தையும் பவளமும் சேர்ந்து படுத்துவிட்டால் என் சந்தேகம் முதலில் செம்பின்மேல்தான் போகும். மீன் தாங்கும் அளவு செம்பை முதுகெலும்பில்லாத உயிர்கள் தாங்காது. மீன் மருந்து ஏதும் போட்டாயா என்றேன், இல்லை என்றான். அடுப்படிக்குப் போனால் விடை சுவரில் தொங்கியது. அந்த வாரம்தான் புது ஆர்.ஓ. மெஷின் மாட்டியிருக்கிறார்கள், குடிக்கும் தண்ணீரில் செம்பு சேர்த்துத் தரும் வகை. மனிதருக்கு நல்லதென்று விற்கிறார்கள், வாங்கியதில் தவறில்லை. ஆனால் தொட்டியில் ஆவியாகிற அளவுக்கு நாலு நாளாக அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தான்.

என் வீட்டில் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீர் 40 லிட்டரைத் தூக்கி வந்து அன்றிரவே மாற்றினோம். வடிகட்டியில் இருந்த பழைய கரியை எடுத்துவிட்டுப் புதுக் கரியும், செம்பை உறிஞ்சும் ரெசினும் போட்டோம். பத்து நாளில் இன்னும் மூன்று முறை தண்ணீர் மாற்றினோம். ஜோவா என்ற பவளங்கள் ஐந்தாம் நாள் கண் திறந்தன. லெதர் நிமிர மூன்று வாரம் ஆயிற்று. நத்தைகளில் பாதி பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூடியிருப்பது ஒன்றா, எல்லாமா? எல்லாம் ஒரே நேரத்தில் வாடினால் கோளாறு தண்ணீரிலோ, காற்றிலோ, மின்சாரத்திலோ இருக்கிறது. ஒன்று மட்டும் வாடினால் அது இருக்கும் இடத்தையும், பக்கத்தில் இருப்பதையும், அதன்மேல் ஊர்வதையும் பாருங்கள். பவளம் காட்டத் தெரிந்த குறிகள் கொஞ்சம்தான். மூடும், வெளுக்கும், கருகும், நீளும், கழலும். ஒரே குறிக்குப் பின்னால் பத்துக் காரணம் இருக்கலாம், அதனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் கரைக்கு எதிரே, ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. பாறை கட்டும் கல் பவளங்கள், கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. “நம்ம கடல்தானே, முங்கி ஒரு துண்டு எடுத்தா என்ன” என்று கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: உயிருள்ளதோ, கரையில் ஒதுங்கின செத்த பவளக்கல்லோ, தொடாதீர்கள். புலிக்கு உள்ள அதே அட்டவணைதான் அதற்கும். என் தொட்டியில் இருப்பவை லெதர், மஷ்ரூம், ஜோவா, ஜீனியா என்ற, கல் கட்டாத மென்மையான வகைகள் மட்டும். எல்லாம் இன்னொருவர் தொட்டியில் வளர்ந்து, வெட்டிப் பிரித்துக் கொடுத்தவை. கீழே எழுதுவதும் அவற்றைப் பற்றித்தான்.

எல்லாம் ஒரே நேரத்தில் மூடிவிட்டன

முதலில் உப்பைப் பாருங்கள். நம் ஊரில் பத்துக்கு ஏழு தொட்டிகளில் கோளாறு இதில்தான் இருக்கிறது என்பது நான் பார்த்த வரைக்கும் என் கணக்கு. வெயில் காலத்தில் தண்ணீரைக் குளிரவைக்க ஃபேன் வைக்கிறோம். ஃபேன் காற்றில் 100 லிட்டர் தொட்டி ஒரு நாளைக்கு 2 லிட்டர் வரை இழக்கும். போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். மூன்று நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் 6 லிட்டர் குறைந்து, ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்த உப்பு 37ஐத் தாண்டியிருக்கும். ஒரு வாரம் என்றால் 40. ஆவியான இடத்தை எப்போதும் உப்பில்லாத நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். “கடல் மீன்தானே” என்று கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு ஏறிக்கொண்டே போகும்.

உப்பு ஏறியிருந்தால் ஒரே மூச்சில் இறக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு புள்ளி, மிஞ்சினால் இரண்டு. அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரையும் நம்பிவிடாதீர்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் சுழியம் காட்டுகிறது என்பதற்காக 35இல் சரியாகக் காட்டும் என்று சொல்ல முடியாது. 35க்கென்றே விற்கும் அளவுத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது நல்ல தண்ணீர் என்று நாம் நினைக்கும் தண்ணீர். இந்தக் கரையில் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர். குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கும். ஆகவே ஆர்.ஓ. இல்லாமல் முடியாது. ஆனால் வீட்டு ஆர்.ஓ. மெஷின் சுவைக்காக, வடிகட்டுவதற்கு முந்தைய தண்ணீரையும் கொஞ்சம் கலந்து விடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். பேனாவை விட்டுப் பாருங்கள், 50, 80, 100 என்று காட்டும். தொட்டிக்கு வேண்டியது பத்துக்குக் கீழே, முடிந்தால் சுழியம். கலக்கும் குழாயை அடைத்து, கடைசியில், மிஞ்சின உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழல் ஒன்று மாட்டினால் போதும். செம்பு சேர்க்கும் மெஷின் என்றால் அந்தச் செம்புக் குழலுக்கு முன்னாலேயே தனிக் குழாய் பிரித்துக்கொள்ளுங்கள். செப்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரையும் தொட்டியில் சேர்க்கவே கூடாது.

பிறகு காற்று. கொசுவுக்கு மருந்து அடித்தீர்களா, மின் கொசுவிரட்டி தொட்டிக்குப் பக்கத்திலேயே எரிகிறதா, சுவருக்குப் பெயின்ட் அடித்தார்களா? ஏர் பம்பும், நுரை கிளப்பி அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீரில் கலக்கின்றன. பூச்சியைக் கொல்லும் மருந்துக்கு இறாலும் நண்டும் பூச்சியின் உறவுதான், அவை முதலில் போகும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கரியை மாற்றுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் அம்மோனியா பாருங்கள். பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் ஒரு மீன் ஒரு சின்னத் தொட்டியைக் கெடுக்கப் போதும்.

கடல் தண்ணீரை நேரே எடுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு பத்தி தனியாக. கடல் வாசலில் இருக்கும்போது உப்பு வாங்கிக் கலப்பானேன் என்று நானும் பல வருடம் எடுத்தேன், இப்போதும் சில மாதங்களில் எடுக்கிறேன். ஆனால் எந்தக் கடல், எந்த மாதம் என்பது முக்கியம். ராமேஸ்வரத்துப் பக்கம் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் வடக்கே பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடல் அமைதி, ஆனால் ஆழம் குறைவு. வடகிழக்கு மழையில் உப்பு குறைந்து சேறு கலங்கிவிடும். ஆண் கடலில் கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசும் மாதங்களில் கலங்கல் அடங்காது. இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட தெளிவான நாளில், படகுக்காரர் யாரையாவது சொல்லி, இறங்குதுறையின் டீசல் வாடைக்கு வெகு தூரம் வெளியே, பூங்காவின் எல்லைக்குள் போகாமல் பிடித்து வரச் சொல்லுங்கள். கடல் பச்சையாகிப் பூங்கோரை (நுண்பாசிப் பெருக்கம்) வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அந்தப் பக்கமே போகவேண்டாம். 2019இல் அப்படி வந்தபோது மூச்சுக்காற்று குறைந்து மீன்களோடு பவளங்களும் செத்தன. பிடித்து வந்த தண்ணீரை அப்படியே கேனில் மூடி வைத்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுகும். வடிகட்டி, காற்று விட்டு, அம்மோனியா சோதித்த பிறகே ஊற்றுங்கள்.

லெதர் பவளம் மெழுகு பூசினதுபோல் பளபளக்கிறது

முதன்முதலாக வளர்ப்பவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், பயப்பட வேண்டாததும் இதுதான். லெதர் தன் மேல்தோலை அவ்வப்போது உரிக்கும். பூப்போல் விரியும் மொட்டுகள் உள்ளே போய்விடும், மேலே மெழுகுப் படலம் தெரியும், நிறம் மங்கும். மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் அது தள்ளுகிற வழி. சில நாளிலோ இரண்டு வாரத்திலோ படலம் கிழிந்து மிதந்து போகும், அடியில் புதுத்தோல் பளிச்சென்று இருக்கும். செய்ய வேண்டியது, தொட்டிக்குள் நீரை ஓட்டும் சின்ன மோட்டாரான பவர்ஹெட்டைக் கொஞ்சம் திருப்பி நீரோட்டம் அதன்மேல் படும்படி வைப்பது. கையால் உரிக்காதீர்கள்.

மூன்று வாரம் தாண்டியும் விரியவில்லை, ஒரு இடம் கறுத்து நொளநொளவென்று ஆகி, நாற்றம் வருகிறது என்றால் அது உரிப்பு இல்லை, அழுகல். கூரான பிளேடால் கறுத்த இடத்தைத் தாண்டி நல்ல சதையிலேயே வெட்டி எடுத்துவிடுங்கள். லெதர் வெட்டுக்குப் பயப்படாத உயிர், மிச்சம் பிழைத்துக்கொள்ளும். வெட்டின அன்று கரியை மாற்றுங்கள், ஏனென்றால் காயத்திலிருந்து அது விடும் ரசாயனம் மற்றவற்றைச் சுருங்க வைக்கும்.

நிறம் வெளுத்துக்கொண்டே போகிறது

பவளத்தின் நிறத்தில் பெரும்பங்கு அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையது. பகலில் அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைத்துத் தருவதைத்தான் பவளம் தின்கிறது. சூடோ வெளிச்சமோ அளவு மீறினால் பாசியே நஞ்சாகிறது, பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. அதுதான் வெளுப்பு. நம் கடலிலேயே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் தீவுகளைச் சுற்றிப் பெரும் வெளுப்பு நடந்தது. கடலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நிற்கும்போது அங்கே என்ன நடக்கிறதோ, மே மாதம் மூடிய அறையில் இருக்கும் உங்கள் தொட்டியில் அதே நடக்கிறது. அங்கே நம்மால் ஒரு ஃபேன் வைக்க முடியாது. இங்கே முடியும்.

வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை. உற்றுப் பாருங்கள்: சதை இருக்கிறதா, மொட்டு வெளியே வருகிறதா, தொட்டால் சுருங்குகிறதா? இருந்தால் மீட்கலாம். தண்ணீரை 25க்கும் 27க்கும் நடுவில் கொண்டுவாருங்கள், ஆனால் மெதுவாக, பல மணி நேரம் எடுத்து. பனிக்கட்டியைத் தொட்டியில் போடுவது சூட்டைவிட மோசம். மேல்மட்டத்தில் ஃபேன், தொட்டி மூடியைத் திறந்து வைப்பது, மத்தியானம் லைட்டை அணைத்துச் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் எரியவிடுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடற்கரை ஈரக்காற்றில் ஃபேன் கடலை விட்டுத் தள்ளிய ஊர்களில் போல் வேலை செய்யாது என்பதையும் கணக்கில் வையுங்கள். புழுங்கும் நாளில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்தான்.

சூடு சரியாக இருந்தும் வெளுத்தால் லைட்டைச் சந்தேகியுங்கள். புது எல்.இ.டி. மாட்டினீர்களா? பாதி அளவுக்குக் குறைத்து, இரண்டு மூன்று வாரம் எடுத்து ஏற்றுங்கள். அதுவும் இல்லை என்றால் தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கலாம். நைட்ரேட் சுழியம், பாஸ்பேட் சுழியம் என்று பெருமையாகச் சொல்லும் தொட்டிகளில் பவளம் பட்டினி கிடந்து வெளிறும். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பங்கு) இருக்கட்டும். வெளுத்திருக்கும் நாட்களில் சின்னச் சின்ன உணவாக ஊட்டினால் பாசி திரும்பும் வரை அது தாங்கும்.

வெளுப்புக்கு நேரெதிர் பழுப்பு. பச்சை, ஊதா எல்லாம் மங்கி மண் நிறமானால் சதைக்குள் பாசி பெருகிவிட்டது என்று அர்த்தம். வெளிச்சம் குறைவு, அல்லது நைட்ரேட் கூடுதல். உயிருக்கு ஆபத்து இல்லை, தீனியைக் குறைத்துத் தண்ணீர் மாற்றினால் மெல்லத் திரும்பும்.

நீள்வதும் குவிவதும்

கழுத்து நீண்டு மேலே எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை. ஓரங்கள் கிண்ணம்போல் மேலே குவிந்து, உடம்பு பாறையோடு ஒட்டிக் குறுகினால் வெளிச்சமோ நீரோட்டமோ அதிகம். இடத்தை மாற்றுங்கள். மாற்றியபின் ஒரு வாரமாவது அதைத் தொடாதீர்கள்.

மஷ்ரூம் கழன்று உருள்கிறது

மஷ்ரூமுக்கு இடம் பிடிக்காவிட்டால் பிடியை விட்டுவிடும். பல சமயம் நீரோட்டம் கூடுதல் என்பதே காரணம். சில சமயம் அடியில் ஒரு துணுக்கை விட்டுவிட்டுத் தாய் நகரும், அந்தத் துணுக்கு குட்டியாக வளரும். பசை போட்டு ஒட்டிப் பயனில்லை, வழுவழுப்பில் கழன்றுவிடும். ஒரு சின்னக் கிண்ணத்தில் கல் துணுக்குகளைப் போட்டு, மஷ்ரூமை அதில் வைத்து, மேலே வலைத்துணி கட்டி ஓட்டமில்லாத மூலையில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

ஜீனியா துடிப்பதை நிறுத்திவிட்டது

ஜீனியாவின் கைகள் மூடித் திறப்பது அழகுக்காக அல்ல. உடம்பைச் சுற்றித் தேங்கும் தண்ணீரை விலக்கி, பகலில் பாசி உண்டாக்கும் மிகுதி ஆக்ஸிஜனைக் கழுவி அனுப்புகிறது. நாளில் கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தால் கவலை இல்லை. நாள் முழுக்க நின்றால் பி.எச்., காரத்தன்மை இரண்டையும் பாருங்கள். ஏ.சி. போட்டு ஜன்னல் அடைத்த அறையில் நாலு பேர் படுத்தால் கரியமிலவாயு கூடி விடிகாலையில் பி.எச். இறங்கிவிடும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாலே பல வீடுகளில் சரியாகிறது. காரத்தன்மை 8, 9 டி.கே.எச். இருக்கட்டும், அதைவிட முக்கியம் அது ஏறி இறங்காமல் இருப்பது.

ஒரு ஓரம் மட்டும் கருகுகிறது

பக்கத்தில் யார் என்று பாருங்கள். பவளங்கள் இடத்துக்காகச் சண்டை போடும், பெரும்பாலும் இரவில். சில கொட்டும் கைகளை நீட்டும், லெதர் வகைகள் தண்ணீரில் ரசாயனம் விடும். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்புத் துணி கட்டின டார்ச்சோடு போய் உட்காருங்கள். பகலில் தெரியாத பலதும் தெரியும். ஒரு சாண் இடைவெளி விட்டு நகர்த்தி, கரியை மாதாமாதம் மாற்றினால் சண்டை அடங்கும்.

ஜோவா மட்டும் திறக்கவில்லை

ஜோவாவைத் தின்று அதன் நிறத்தையே பூசிக்கொள்ளும் ஓடில்லா நத்தை ஒன்று உண்டு, பக்கத்தில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. சுருண்ட படிக்கட்டுபோல் ஓடுள்ள தட்டை நத்தையும் ஒன்று உண்டு. இரண்டும் ராத்திரி வேலைக்காரர்கள். பவளத்துக்கென்று விற்கும் குளியல் மருந்தில் முக்கி, மெல்ல ஆட்டிப் பூச்சியை உதிர்க்கலாம். முட்டை மருந்துக்குச் சாகாது, சுரண்டி எடுத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி முக்க வேண்டும்.

இந்த வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சில ஜோவாக்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஜோவா ஒட்டிய பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். வேலை செய்தபின் வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், மூச்சுத் திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரிடம் பாலிடாக்சின் என்ற பெயரைச் சொல்லுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஜோவா வெட்டும் கத்தியும் வாளியும் தனியாக இருக்கட்டும்.

பவளத்தின் வாயிலிருந்து பழுப்பு நூல், ராத்திரியில் பால் நிறத் தண்ணீர்

பழுப்பு நூல் அடுத்த நாளே நின்றுவிட்டால் அது கழிவு, அல்லது கூடுதல் பாசியை வெளியேற்றுகிறது. நாள்கணக்கில் தொடர்ந்து, வாயும் திறந்தே கிடந்தால் சூட்டையும் வெளிச்சத்தையும் மறுபடி பாருங்கள். ராத்திரி திடீரென்று தொட்டி பால்போல் கலங்கினால் நத்தையோ பவளமோ முட்டையும் விந்தும் விட்டிருக்கலாம். மேல்மட்டம் நன்றாக அலையும்படி காற்று விடுங்கள், காலையில் மூச்சுக்காற்று குறையாமல் இருக்கும்.

கரண்ட் போனபின் எல்லாம் சுருங்கியிருக்கிறது

சூடான தண்ணீர் குறைவாகத்தான் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும், அதனால் கோடை ராத்திரியில் கரண்ட் போவதுதான் மிகவும் ஆபத்து. இன்வெர்ட்டரில் லைட்டை மாட்டாதீர்கள், ஒரு பவர்ஹெட்டை மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் படகுக்காரர்கள் உயிர்மீனுக்கு வைக்கும் பேட்டரி ஏர் பம்பு ஒன்று போதும். அன்றைக்குத் தீனி போடவேண்டாம்.

எந்தக் குறிக்கும், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்து, மூன்று நாளாவது பொறுத்துப் பாருங்கள். தேதி, சூடு, உப்பு, என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தத் தம்பி நோட்டு வைத்திருந்தால் புது மெஷின் வந்த தேதிக்கும் நத்தை விழுந்த தேதிக்கும் உள்ள தூரம் அவனுக்கே தெரிந்திருக்கும்.

பிழைக்காமல் போனதை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கடலில் போடாதீர்கள். வெட்டி மிஞ்சின துண்டையும், தொட்டித் தண்ணீரையும்கூட. வெளியிலிருந்து சாகுபடிக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின்மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். அதைக் கையால் பிய்த்து எடுக்க இன்னும் ஆட்கள் முங்குகிறார்கள். செத்ததை மொட்டை மாடியில் தாளில் பரப்பி வெயிலில் முழுக்கக் காயவைத்து, பொட்டலம் கட்டிக் குப்பையில் சேருங்கள். ஜோவா என்றால் காயவிடவே வேண்டாம். கையுறையோடு ஈரமாகவே பையில் கட்டி, பிளீச்சிங் தண்ணீர் ஊற்றி, முடிச்சுப் போட்டுவிடுங்கள். மாற்றி எடுத்த தண்ணீரைப் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு ராத்திரி வைத்துக் கழிவுத் தொட்டியில் ஊற்றுங்கள், கடலுக்கு ஓடும் வாய்க்காலில் வேண்டாம்.